பிர்ரியா கடைக்கு முதல்முறை போகிறீர்களா? முதலில் சாற்றைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: லாஸ் ஏஞ்சலஸில் புதிதாகக் குடிபோன வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ‘பிர்ரியேரியா’ என்று பலகை மாட்டிய சின்ன மெக்சிகன் கடை ஒன்று. ஆறு மேஜை, சுவரில் கையால் எழுதிய ஸ்பானிஷ் மெனு, சனி ஞாயிறு காலையில் வாசல்வரை கூட்டம். இதுவரை சாப்பிட்ட மெக்சிகன் சாப்பாடு என்றால் மாலில் கிண்ணத்தில் போட்டுத் தரும் சோறும் பீன்ஸும்தான். மனைவி மாட்டிறைச்சி தொடமாட்டார். மாமனாருக்குக் காரம் ஆகாது. போகலாமா, போனால் என்ன கேட்பது?

போங்கள். இந்த ஊரில் நமக்கு மிகவும் ஒத்துவரக்கூடிய வெளிச் சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் பிர்ரியா என்பேன், அதாவது மிளகாய் விழுதில் ஊறி மெல்ல வெந்த மெக்சிகன் கறி. ஆனால் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்த, சீஸ் இழுபடும் சிவப்பு டாக்கோவை (கறி வைத்து மடித்த மெல்லிய ரொட்டி) கேட்டு வாங்கி, அதன் எண்ணெயும் சீஸும் சேர்ந்து வயிற்றை அடைத்துக்கொள்ள, இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த டாக்கோவுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பலகை. ஸ்பானிஷ் மொழியில் ஒரு பொருளின் பெயரோடு ‘ஏரியா’ சேர்ந்தால் அந்தப் பொருளை விற்கும் கடை என்று அர்த்தம். டாக்கோ விற்றால் டாக்கேரியா, ரொட்டி என்றால் பனதேரியா. ‘பிர்ரியேரியா’ என்றால் பிர்ரியாதான் அங்கே வேலை, மற்றதெல்லாம் உபரி. எல்லாமும் கிடைக்கும் ஓட்டலில் பிர்ரியா வாங்குவதற்கும் இங்கே வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முந்தின நாளே அடுப்பில் ஏற வேண்டிய சமையல் இது. தினமும் பானை காலியாகிற கடையில்தான் அது ஒழுங்காக இருக்கும்.

பிர்ரியா என்பது மெக்சிகோவின் மேற்கே உள்ள ஹலிஸ்கோ மாநிலத்துச் சமையல். அடிப்படையில் ஆட்டுக்கறி, அதிலும் வெள்ளாடு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, வினிகர், பூண்டு, மசாலா சேர்த்து, கறியில் பூசி ஊறவைத்து, மணிக்கணக்கில் மெல்ல வேகவைப்பது. ஸ்பானியர்கள் வரும்வரை அந்த மண்ணில் வெள்ளாடு கிடையாது, மாடு கிடையாது, பன்றியும் கிடையாது. மிளகாயும் மக்காச்சோளமும் தக்காளியும் இருந்தன. குழி தோண்டி, சூடேற்றிய கல்மேல் இறைச்சியை வைத்து மூடி வேகவைக்கும் வழக்கம் இருந்தது. 1521இல் ஸ்பானியர்கள் ஆஸ்டெக் தலைநகரைப் பிடித்த பிறகு கப்பலில் ஆடுகள் வந்தன. வறண்ட மேட்டு நிலத்தில் முள்ளையும் புதரையும் தின்று பெருகின.

‘பிர்ரியா’ என்ற சொல்லுக்கு ஸ்பானிஷ் அகராதியில் உதவாக்கரைப் பொருள் என்ற மாதிரி ஒரு அர்த்தம் உண்டு. எஜமானர்கள் தமக்கு வேண்டாத ஆட்டை ஊர் மக்களிடம் தள்ளிவிட்டு இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று ஹலிஸ்கோவில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சமையல்முறையைப் பார்த்தால் ஒன்று புரியும். இளம் ஆட்டுக்கு இவ்வளவு மிளகாயும் வினிகரும் இத்தனை மணி நேரமும் தேவையில்லை. முற்றிப்போன, வாடை அடிக்கிற கறியைச் சாப்பிடும்படி ஆக்கக் கண்டுபிடித்த முறை இது.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர் கிடங்கு ஒன்றில் என்னோடு வேலை பார்த்த ஹலிஸ்கோக்காரர். வயதில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர். என் டிபன் டப்பாவில் இருந்த ஆட்டுக்கறிக் குழம்பை ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை காலை வேலை வைத்துக்கொள்ளாதே” என்றார். காலை எட்டரைக்குக் கூட்டிப்போனார். எனக்கு டாக்கோ வாங்கித் தருவார் என்று நினைத்தேன். ஒரு கோப்பைச் சாறு மட்டும் வாங்கி என் முன்னால் வைத்து, “இதைக் குடி. பிடித்தால் உட்காரலாம், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம்” என்றார். பதினாறு வருடமாக நான் புதுக் கடைக்குப் போனால் அதையேதான் செய்கிறேன்.

அந்தச் சாற்றின் பெயர் கொன்சொமே. கறி வெந்த நீரும், கறியிலிருந்து வடிந்த கொழுப்பும், மிளகாய் விழுதும், பல கடைகளில் தக்காளியும் சேர்ந்தது. மெனுவில் தனியாகவே இருக்கும். கோப்பை வந்ததும் மேலே பாருங்கள்: செக்கச்செவேல் என்று வட்டவட்டமாக எண்ணெய் மிதக்க வேண்டும். மிளகாயின் சிவப்பு நிறமி தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் நிறம் முழுக்க மேலே ஏறி நிற்கும். கீழே இருக்கும் சாறு செங்கல் நிறத்தில் இருக்கும். மொத்தமும் ஒரே சீராக ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பொடியோ சாயமோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் குடித்துவிட்டு உதட்டை ஒட்டிப் பாருங்கள். லேசாகப் பசை மாதிரி ஒட்ட வேண்டும். எலும்பையும் ஜவ்வையும் நேரம் கொடுத்து வேகவைத்ததற்கு அதுதான் அத்தாட்சி. நம் ஊர் ஆட்டுக்கால் பாயாவில் விரல் ஒட்டுமே, அதே சங்கதி. கடைசியாக உப்பு. ரசப்பொடி மாதிரி கடையில் விற்கும் சூப் கட்டியைக் கரைத்த சாற்றில் நாக்கின் நுனியில் உப்பு குத்தும், பின்னாடி ஒன்றும் இருக்காது. நல்ல கொன்சொமே மெதுவாக வரும்: முதலில் மிளகாயின் உலர்ந்த பழ வாசனை, பிறகு கறி, விழுங்கின பிறகு தொண்டையில் கிராம்பும் பட்டையும்.

அந்தப் பட்டை வாசனை உங்களுக்கு நன்றாகப் பழகினதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மெக்சிகோக்காரர்கள் ‘கனேலா’ என்று சொல்வது இலங்கைக் கறுவா. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் பட்டை என்று விற்கிற தடிமனான, உறைப்பான சீனப்பட்டை அல்ல. தாள் மாதிரி சுருண்டு, கையால் நொறுக்கினால் உதிர்கிற ரகம். இலங்கைக் கறுவாவை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் மெக்சிகோ ஒன்று. நம் குழம்புக்கு நிறம் கொடுக்கிற மிளகாய் அந்தப் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அவர்கள் சாற்றுக்கு மணம் கொடுக்கிற கறுவா நம் பக்கத்துக் கடலிலிருந்து போகிறது. என் டப்பாவை அந்தப் பெரியவர் முகர்ந்து பார்த்ததில் வியப்பே இல்லை.

இனி மனைவியின் விஷயம். இங்கேதான் கவனம் வேண்டும்.

ஹலிஸ்கோவில் பிர்ரியா என்றால் ஆடு. ஆனால் அமெரிக்க எல்லையை ஒட்டிய திஹுவானா நகரத்தில் 1950களிலிருந்தே மாட்டிறைச்சியில் பிர்ரியா செய்கிறார்கள். மாடு அங்கே மலிவு, வாடையும் கம்மி, வாங்குகிற ஆட்களும் அதிகம். சாறும் அங்கே கூடுதல். லாஸ் ஏஞ்சலஸில் 2010களின் நடுவிலிருந்து சாப்பாட்டு டிரக்குகளில் பரவி, 2020 வாக்கில் அமெரிக்கா முழுக்கப் போனது இந்த திஹுவானா பாணிதான். ஆகவே வெறுமனே ‘பிர்ரியா’ என்று எழுதியிருந்தால் மாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆடு என்றால் பெரும்பாலும் தனியாக எழுதியிருப்பார்கள். மெனுவில் தேட வேண்டிய சொற்கள் மூன்று: ‘ரெஸ்’ என்றால் மாடு, ‘ச்சீவோ’ என்றால் வெள்ளாடு, ‘பொர்ரேகோ’ என்றால் செம்மறி. சந்தேகம் இருந்தால் “தே ரெஸ் ஓ தே ச்சீவோ?” என்று கேட்டால் போதும்.

இரண்டும் விற்கிற கடையில் இன்னொன்றும் கேட்க வேண்டும். கொன்சொமே எந்தப் பானையிலிருந்து வருகிறது என்று. ஆட்டுக்கறி டாக்கோ வாங்கினாலும் கூட வருகிற சாறு மாட்டுச் சாறாக இருக்கலாம். சிவப்பு டாக்கோக்கள் வேகும் தட்டையான இரும்புக் கல்லில் மாட்டுக் கொழுப்பு ஊறிக்கொண்டே இருக்கும். அதே கல்லில்தான் கோழி டாக்கோவும் காளான் டாக்கோவும் வேகும். பக்கத்தில் வைக்கிற மசித்த பீன்ஸில் பல கடைகளில் பன்றிக் கொழுப்பு, அதாவது ‘மந்தேக்கா’ சேர்த்திருப்பார்கள். இவை ஒன்றும் மறைக்கிற விஷயம் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள். கடுமையாகத் தவிர்க்கிறவர் என்றால் ஆட்டு பிர்ரியா மட்டுமே செய்கிற பழைய பாணிக் கடையைத் தேடிப் போவது நிம்மதி. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பிக்கோ பொலிவார்டில் எல் பரியான் என்ற கடை பெயர் வாங்கியதே ஆட்டு பிர்ரியாவால்தான். ஹலால் கறியில் செய்கிற கடைகளும் இப்போது வந்திருக்கின்றன.

மாமனார் விஷயம் சுலபம். பார்வைக்கு இருக்கிற சிவப்பில் பாதிகூடக் காரம் இருக்காது. பிர்ரியாவின் முதுகெலும்பு குவாஹியோ என்ற மிளகாய். நீளமாக, வழவழப்பாக, கருஞ்சிவப்பில் இருக்கும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் சுமார் 2,500 முதல் 5,000 வரைதான். கூடவே ஆஞ்சோ என்று ஒன்று போடுவார்கள், அது அதைவிடச் சாது. உலர்திராட்சை மாதிரி ஓர் இனிப்பு அதில் உண்டு. நமக்கு பியாதகி மிளகாய் எப்படியோ அப்படி: நிறத்துக்கும் மணத்துக்கும். ஆனால் மேஜைமேல் சின்னக் கிண்ணத்தில் ஒரு சல்சா, அவர்கள் ஊர்ச் சட்னி, இருக்கும். அதில் இருப்பது ஆர்போல் மிளகாய், 15,000 முதல் 30,000 வரை போகும். பானையில் வெந்த காரம் அல்ல, பச்சையாக ஏறுகிற காரம். ஆந்திரா சாப்பாட்டையே சாப்பிடுகிறவன் நான் என்ற திமிரில் முதல்நாள் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, பெரியவர் சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் விட்டவன் நான். மாமனாரிடமிருந்து அந்தக் கிண்ணத்தை மட்டும் தள்ளி வையுங்கள்.

கடைக்குள் போனால் நடப்பதைச் சொல்கிறேன். நான் வழக்கமாகப் போகிற இடத்தில் வெட்டும் மேஜை வாசலைப் பார்த்தபடி இருக்கும். மரத்தின் அடித்துண்டைக் குறுக்கே அறுத்தெடுத்த கட்டை, நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். அதன் பின்னால் ஒரு அம்மாள். பக்கத்துப் பானையின் மூடியைத் தூக்கினால் ஆவி அவர் முகத்தை மறைத்துவிடும். உள்ளே கையை விடுகிற மாதிரி இடுக்கியை விட்டு ஒரு விலாத் துண்டை எடுப்பார். எலும்பை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுண்டு. கறி கட்டைமேல் விழும், எலும்பு கையில் நிற்கும். கத்தியால் நாலே வெட்டு, பொடிப்பொடியாக அல்ல. தட்டில் தள்ளி, அதன்மேல் ஒரு கரண்டிச் சாறு. அவர் கரண்டியைப் பானைக்குள் விடும் விதத்தைப் பாருங்கள்: மேலாக வழித்தால் கொழுப்பு, ஆழமாக முக்கினால் சாறு. தட்டுக்கு ஆழத்திலிருந்து, டாக்கோ தோய்க்க மேலிருந்து. எனக்குக் கொழுப்பு வேண்டாம் என்று முதல்தடவை சைகையில் சொன்னபோது, “கொஞ்சமாவது வேண்டும், மிஹோ” என்று கால் கரண்டி வழித்து ஊற்றினார். ‘மிஹோ’ என்றால் மகனே. ஐம்பது வயது ஆளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உங்கள் மனைவியை ‘மிஹா’ என்பார்கள். பதிலுக்கு “செஞ்ஞோரா” என்றால் மரியாதையாக இருக்கும்.

அவர் உங்களிடம் கேட்கப்போகிற முதல் கேள்வி: “மசீசா ஓ சுர்தீதா?” மசீசா என்றால் தனிக்கறி, எலும்பும் கொழுப்பும் இல்லாதது. சுர்தீதா என்றால் எல்லாம் கலந்தது: விலா, தோள், ஜவ்வு, சில கடைகளில் குடலும். பயந்துபோய் மசீசா கேட்கத் தோன்றும். வேண்டாம். நீண்டநேரம் வெந்த சமையலில் தனிக்கறிதான் முதலில் வறண்டுபோகிற பகுதி. ஜவ்வும் சவ்வும் இருக்கிற இடத்தில்தான் நேரமும் சூடும் வேலை செய்யும். அங்கே இருக்கிற கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகி நாருக்கு நடுவே தங்கும். விலா மட்டும் வேண்டும் என்றால் “கொஸ்தியா” என்று சொல்லுங்கள், முதல்முறைக்கு அது நல்ல நடுவழி. குடல் கண்டிப்பாக வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சில ஹலிஸ்கோக் கடைகளில் ‘ததெமாதா’ என்றும் கேட்பார்கள். வெந்த கறியின்மேல் மறுபடி மிளகாய் விழுதைத் தடவி அடுப்புக்குள் தள்ளி மேலே முறுகவிடுவது. ஓரமெல்லாம் கருத்து மொறுமொறுப்பாக, உள்ளே பஞ்சாக இருக்கும். இருந்தால் விடாதீர்கள். இந்த வகையில் கறியைச் சாற்றில் மூழ்கடித்து வேகவைப்பதில்லை. பானையின் மூடி விளிம்பில் சோளமாவைப் பூசி அடைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள், நம் தம் பிரியாணி மாதிரி. அடியில் வடிந்து சேர்கிற நீரில்தான் கொன்சொமே. குவாதலஹாரா நகரத்தின் பழைய பகுதியில் ‘ஒன்பது மூலைகள்’ என்று ஒரு சின்னச் சதுக்கம் உண்டு, நுவேவே எஸ்கினாஸ் என்பார்கள். சுற்றிலும் பிர்ரியா கடைகள். மெக்சிகோவுக்கே போகிற வாய்ப்பு வந்தால் ஒரு காலை நேரத்தை அங்கே ஒதுக்குங்கள்.

சாப்பிடும் முறை. தட்டில் கறி, கோப்பையில் சாறு, துணியில் சுற்றிய டோர்ட்டியா (மெல்லிய ரொட்டி) அடுக்கு, பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும், எலுமிச்சைத் துண்டு. “கோன் தோதோ?” என்று கேட்டால் வெங்காயம் கொத்தமல்லி போடலாமா என்று அர்த்தம், சரி என்று தலையாட்டுங்கள். வெங்காயத்தில் பாதியைச் சாற்றில் போட்டு எலுமிச்சை பிழியுங்கள். ஒரு டோர்ட்டியாவை உள்ளங்கையில் விரித்து, இரண்டு விரல் அளவு கறி வைத்து, மடித்து, ஓரத்தைச் சாற்றில் நனைத்து ஒரு கடி. நிறைய அடைக்காதீர்கள், கிழியும். கிழிந்தாலும் பரவாயில்லை, டோர்ட்டியாத் துண்டைக் கிள்ளிக் கறியோடு சேர்த்து எடுத்துச் சாப்பிடலாம். கையால் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு இங்கே யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இந்த ஊரில் முழுக்கையும் சிவக்கச் சாப்பிட்டு ஒருவரும் திரும்பிப் பார்க்காத இடம் இதுதான்.

டோர்ட்டியா சோளத்தில் இருக்க வேண்டும், மைதாவில் அல்ல. மைதா டோர்ட்டியா வடக்கு மெக்சிகோவின் சொத்து, அதற்கு அதன் இடம் உண்டு. இந்தச் சாற்றில் நனைத்தால் குழைந்துபோகும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, தோல் நீக்கி, பிறகு அரைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். மாவு ஒட்டிக்கொண்டு பிசைய வருவதற்குக் காரணம் அது, கல்லில் போட்டதும் மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை வருவதற்கும் அதுவே. சுண்ணாம்பு சேர்க்காத சோளமாவு ரொட்டியாகத் தட்டுவதற்குள் விண்டுபோகும். கடையிலேயே தட்டிச் சுடுகிறார்கள் என்றால் அந்தக் கடைக்கு ஐந்து மதிப்பெண் கூடப் போடுங்கள்.

சரி, அந்த சீஸ் டாக்கோ. பெயர் கேசாபிர்ரியா. டோர்ட்டியாவைச் சாற்றின் மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பில் முக்கி, சூடான கல்லில் போட்டு, சீஸ் தூவி, கறி வைத்து மடித்து, இரண்டு பக்கமும் முறுகவிடுவது. நிறம் கொழுப்பில் கரையும் என்றேனே, அதனால்தான் டோர்ட்டியாவுக்கு அந்தக் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ருசி இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மகளுக்கு அதுதான் உயிர். ஆனால் உருகிய சீஸும் முறுகிய கொழுப்பும் இருந்தால் உள்ளே செருப்பை வைத்தாலும் இறங்கிவிடும். சுமாரான கறியை மறைக்க அதைவிட நல்ல போர்வை கிடையாது. மூன்று வருடம் முன்னால் எங்கள் பகுதியில் பெரிய விளம்பரத்தோடு திறந்த ஒரு கடையில் சீஸ் டாக்கோ அருமையாக இருந்தது. அதே கறியைத் தட்டில் வாங்கினேன், நூல்நூலாகப் பிய்ந்து பஞ்சு மென்றது போல இருந்தது. சாறு தக்காளி சாஸைக் கரைத்த மாதிரி இனித்தது. சீரகத்தை அள்ளிப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். ஆகவே மேஜைக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள், கடைசியில். ராமென் நூடுல்ஸில் பிர்ரியா, பீட்சாவில் பிர்ரியா என்று வருகிறவற்றைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

குடிக்க என்ன வாங்குவது என்றால் தமரிந்தோ. ஆமாம், புளித்தண்ணீர். புளியைக் கரைத்து, சர்க்கரை சேர்த்து, ஐஸ் போட்டு, பெரிய கண்ணாடி ஜாடியிலிருந்து ஊற்றித் தருவார்கள். ஹலிஸ்கோவிலும் பக்கத்து கொலிமாவிலும் புளி விளைகிறது, அதைத் தங்கள் மண்ணின் பழம் என்றே நினைக்கிறார்கள். இந்தக் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு கச்சிதமாகப் பொருந்தும். ஓர்ச்சாத்தா என்று அரிசியும் கனேலாவும் அரைத்த வெள்ளைப் பானம் இருக்கும். இனிப்பு தூக்கல், ஆனால் காரம் ஏறிவிட்ட மாமனாருக்கு உதவும்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ஓர்தென்’ என்று கேட்டால் ஒரு முழுத் தட்டு, ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம். மூன்று பேருக்கு இரண்டு தட்டு, ஆளுக்கொரு சின்னக் கொன்சொமே, ஒரு கேசாபிர்ரியா. தாராளம். குடும்பத்தோடு வருகிறவர்கள் கிலோ கணக்கில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பார்ப்பீர்கள். கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் இதுதான் விருந்து. முந்தின இரவு அதிகம் குடித்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவதையும் பார்ப்பீர்கள். அவர்கள் மெனுவைப் பார்ப்பதில்லை, கோப்பை தானாக வரும். போகும்போதும் வரும்போதும் மேஜையில் இருக்கிறவர்களைப் பார்த்து “ப்ரொவேச்சோ” என்று சொல்வார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்பதுபோல. நீங்களும் சொல்லுங்கள், முகம் தெரியாதவர் என்று தயங்க வேண்டாம்.

மிஞ்சிய சாற்றை விடாமல் வாங்கி வாருங்கள். “பாரா யேவார்” என்றால் மூடியிட்ட டப்பாவில் ஊற்றிக் கொடுப்பார்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் திறந்தால் மேலே சிவப்பு மெழுகு மாதிரி கொழுப்பு உறைந்திருக்கும், கீழே சாறு ஜெல்லி போல ஆடும். ஆடவில்லை என்றால் அந்தக் கடையில் தண்ணீர் கலந்துவிட்டார்கள். கொழுப்பில் ஒரு ஸ்பூன் எடுத்து தோசைக்கல்லில் விட்டு முட்டை ஊற்றிப் பாருங்கள். சாற்றைச் சுடவைத்து வெள்ளைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டதை அந்தப் பெரியவரிடம் சொன்னபோது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டோர்ட்டியா தீர்ந்துபோயிருந்தால் மன்னிக்கலாம் என்றார்.

நேரம் மட்டும் தவற விடாதீர்கள். பல கடைகளில் ஆட்டு பிர்ரியா வாரக்கடைசியில் மட்டும்தான். விலாத் துண்டு பத்தரை மணிக்கே தீர்ந்துவிடும், பன்னிரண்டுக்கு மேல் போனால் மசீசாவும் கேசாபிர்ரியாவும்தான் மிச்சம் இருக்கும். ஒன்பதுக்கு முன்னால் போய்விடுங்கள், ரொக்கமாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம்.